இன்ஜினை ஏத்துறதுக்கு முன்னாடி ஆக்ஸிலைப் பாருங்க! - டிராக் ரேஸ் கார்களின் பின்பக்க ரகசியம்

பச்சை விளக்கு எரிகிறது. இன்ஜின் உறுமுகிறது. பின் டயர்கள் தரையைக் கவ்விப் பிடிக்கின்றன. அடுத்த நொடி, காருக்கு அடியிலிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. கியரும் விழுந்திருக்கிறது. ஆனால், கார் ஓர் அடிகூட நகரவில்லை.

டிராக் ரேஸ் நடக்கும் இடங்களில் இது புதிய காட்சி இல்லை. மாதக்கணக்கில் காசு சேர்த்து இன்ஜினின் பலத்தைக் கூட்டியிருப்பார்கள். புது டயர் மாட்டியிருப்பார்கள். முதல் ஓட்டத்திலேயே காரை வேறொரு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். காரணம், யாரும் குனிந்துகூடப் பார்க்காத ஒரு பாகம். பின் ஆக்ஸில்!

அளவு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். டிராக் ரேஸ் காரின் அச்சு மேல் ஏறுவது மயிலிறகு இல்லை, நூற்றுக்கணக்கான குதிரைத்திறன். அதுவும் ஒரே நொடியில். அதைத் தாங்கும்படி பின் ஆக்ஸிலை எப்படி மாற்றுகிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

400 மீட்டர்... அவ்வளவுதான்!

டிராக் ரேஸில் வளைவு கிடையாது. நேர்கோடு. வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து இரண்டு கார்கள் கிளம்பும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்களோ, அவர்களுக்கு வெற்றி.

இந்த விளையாட்டு வேரூன்றி வளர்ந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பழைய கார்களை வாங்கிப் பட்டறையில் மாற்றி, பொதுச் சாலைகளிலேயே பந்தயம் விட்ட இளைஞர்கள் அங்கே ஏராளம். அவர்களைச் சாலையிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவர 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தொடங்கிய அமைப்புதான் ‘நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்’. சுருக்கமாக, என்.எச்.ஆர்.ஏ. எந்த வேகத்தில் ஓடும் காருக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி எழுதி வைத்திருப்பதும் இந்த அமைப்புதான். ஆக்ஸிலுக்கும் அதில் விதி உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

பின் ஆக்ஸிலுக்குள் என்ன இருக்கிறது?

லாரிப் பட்டறை பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி, கியர் பாக்ஸைத் தாண்டி, நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் வருகிறது. அங்கே ‘பினியன்’ என்ற சின்னப் பல்சக்கரம், ‘க்ரௌன் வீல்’ என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. க்ரௌன் வீலுடன் சேர்ந்திருப்பது டிஃபரன்ஷியல். அதிலிருந்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு இரும்புத் தண்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன. அவைதான் ஆக்ஸில் ஷாஃப்ட். இவை எல்லாவற்றையும் மூடியிருக்கும் இரும்புக் கூடுதான் ஹவுசிங்.

ஆக்ஸில் ஷாஃப்ட்டின் உள்முனையில் நீளவாக்கில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதற்கு ‘ஸ்ப்ளைன்’ என்று பெயர். அந்தப் பற்கள் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கியரில் போய் உட்காரும். இன்ஜினின் மொத்த பலமும் கடைசியில் இந்தப் பற்களின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும்.

ஃப்யூஸை எடுத்துவிட்டுக் கம்பி வைத்த கதை

சரி, தினமும் ஓட்டும் காரில் உடையாத ஆக்ஸில், ரேஸில் மட்டும் ஏன் உடைகிறது? முதல் குற்றவாளி இன்ஜின் இல்லை, டயர்!

சாதாரண டயர் மாட்டிய காரில் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் என்ன ஆகும்? டயர் வழுக்கிக்கொண்டு சுற்றும். புகை வரும். பார்ப்பதற்கு வீணாகத் தோன்றினாலும், அந்த வழுக்கல்தான் ஆக்ஸிலைக் காப்பாற்றுகிறது. தாங்க முடியாத அளவுக்கு முறுக்கு விசை வரும்போது டயர் விட்டுக்கொடுத்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் செய்யும் அதே வேலை.

டிராக் ரேஸில் மாட்டுவது ‘ஸ்லிக்’ டயர். கோடுகளே இல்லாத, அகலமான, மென்மையான ரப்பர். ஓட்டத்துக்கு முன்பு அதை நின்ற இடத்திலேயே சுற்றவிட்டுச் சூடேற்றுவார்கள். பாதையிலும் பசைபோல ஒட்டும் கலவையைத் தெளித்திருப்பார்கள். இப்போது டயர் வழுக்காது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவைத்தால் என்ன நடக்கும்? ஃப்யூஸ் போகாது, வேறு எதாவது எரியும். இங்கேயும் அதேதான். டயர் விட்டுக்கொடுக்காதபோது, வரிசையில் அடுத்து பலவீனமாக இருப்பது எதுவோ, அது உடையும்.

இன்ஜினைத் தொடவே இல்லை, ஸ்லிக் டயர் மட்டும்தான் மாட்டினேன், ஆக்ஸில் போய்விட்டது என்று புலம்புபவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்க டிராக் ரேஸில் நடுத்தர வர்க்கத்தின் செல்லப் பிள்ளை, 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங். ரசிகர்கள் இதை ‘ஃபாக்ஸ் பாடி’ என்பார்கள். எடை குறைவு, விலையும் ஒரு காலத்தில் மலிவு, உதிரிபாகம் எங்கேயும் கிடைக்கும். இதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1987 மாடலின் 5.0 லிட்டர் வி8 இன்ஜின் 225 குதிரைத்திறன் கொண்டது. அதன் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 407 நியூட்டன் மீட்டர். இது இன்ஜினில் இருக்கும் அளவு. மேனுவல் கியர் பாக்ஸின் முதல் கியர் இதை 3.35 மடங்காகப் பெருக்கும். அடுத்து க்ரௌன், பினியன் இன்னும் 3.08 மடங்கு பெருக்கும். மூன்றையும் பெருக்கினால், பின் ஆக்ஸிலுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 4,200 நியூட்டன் மீட்டர்.

புரியும்படி சொன்னால், ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 420 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

இப்போது அந்தக் காரின் உரிமையாளர் இன்ஜினை 600 நியூட்டன் மீட்டருக்கு உயர்த்துகிறார் என்று வையுங்கள். சீக்கிரம் வேகம் பிடிக்க, பின்பக்க கியரை 4.10-க்கு மாற்றுகிறார். இன்ஜின் கூடியது ஒன்றரை மடங்குதான். ஆனால், ஆக்ஸிலுக்கு வருவது 8,200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஸ்பேனர் நுனியில் தொங்குவது இப்போது ஒரு மாருதி 800 காரைவிட அதிக எடை.

இது சீராக அழுத்தினால் வரும் கணக்கு. டிராக் ரேஸில் இன்ஜினை உச்ச வேகத்தில் சுற்றவிட்டு, க்ளட்ச்சைப் ‘பட்’டென்று விடுவார்கள். அந்த அதிர்ச்சி கணக்குக்குள் அடங்காது. சுத்தியலை ஆணி மேல் வைத்து அழுத்துவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் நடுவே எண்ணெய் இருப்பதால், இந்த அடி கொஞ்சம் மென்மையாக இறங்கும். மேனுவல் கார்களில் ஆக்ஸில் அதிகம் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலை: தடிமனான ஷாஃப்ட்

1986 முதல் மஸ்டாங் வி8 கார்களில் வந்த பின் ஆக்ஸிலுக்கு ‘8.8 இன்ச்’ என்று பெயர். க்ரௌன் வீலின் விட்டம் 8.8 அங்குலம். நல்ல உறுதியான ஆக்ஸில்தான். ஆனால், இதன் ஷாஃப்ட்டில் இருப்பது 28 ஸ்ப்ளைன். விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர்.

அடுத்த அளவு 31 ஸ்ப்ளைன், சுமார் 33 மில்லிமீட்டர். அதற்கும் மேலே 35 ஸ்ப்ளைன், சுமார் 38 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டரில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று தோன்றலாம். முறுக்கைத் தாங்கும் பலம், விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 30-லிருந்து 33-க்குப் போனாலே பலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 38-க்குப் போனால் இரண்டு மடங்கு!

தடிமன் மட்டும் போதாது. இரும்பின் தரமும் வேண்டும். கம்பெனி ஷாஃப்ட்டில் பெரும்பாலும் மேல்பரப்பை மட்டும் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். உள்ளே மென்மையாக இருக்கும். சாலைக்கு அது போதும். ரேஸ் ஷாஃப்ட்களுக்கு 4340 போன்ற நிக்கல், குரோமியம் கலந்த உருக்கைப் பயன்படுத்தி, உள்வரை கடினமாக்குகிறார்கள். திடீர் அடி விழும்போது இது கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும்.

இதிலும் ஆயுள் உண்டு. அனுபவசாலிகள் அவ்வப்போது ஷாஃப்ட்டைக் கழற்றி ஸ்ப்ளைனைப் பார்ப்பார்கள். நேராக இருக்க வேண்டிய பற்கள் ஜிலேபிபோல லேசாக முறுக்கியிருந்தால், அந்த ஷாஃப்ட்டின் கதை முடிந்தது. இன்னும் உடையவில்லையே என்று அதை மறுபடி மாட்டக் கூடாது.

உயிருக்கே உலை வைக்கும் குட்டி வளையம்

இங்கேதான் விஷயம் காசைத் தாண்டி உயிருக்குப் போகிறது.

லாரியில் ஆக்ஸில் கட் ஆகி, சாலையோரம் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஷாஃப்ட் இரண்டு துண்டாகியிருக்கும். ஆனால், சக்கரம் அதன் இடத்திலேயே இருக்கும். கனரக லாரிகளில் சக்கரத்தின் ஹப், தனி பேரிங்குகளின் மேல் ஹவுசிங்கில் உட்கார்ந்திருக்கும். வண்டியின் எடையை ஹவுசிங் தாங்கும். ஷாஃப்ட்டுக்குச் சுற்றுவது மட்டும்தான் வேலை.

காரில் அப்படி இல்லை. சக்கரம் நேராக ஆக்ஸில் ஷாஃப்ட்டின் முனையில்தான் மாட்டியிருக்கும். சுற்றுவதும் அதுதான், எடையைச் சுமப்பதும் அதுதான். மஸ்டாங்கின் 8.8 ஆக்ஸிலில் அந்த ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்துவைத்திருப்பது எது தெரியுமா? டிஃபரன்ஷியலுக்கு உள்ளே, ஷாஃப்ட்டின் உள்முனையில் செருகியிருக்கும் ஒரு குட்டி வளையம். ஆங்கில ‘சி’ எழுத்துபோல இருப்பதால் அதன் பெயர் ‘சி-கிளிப்’.

ஷாஃப்ட் முழுசாக இருக்கும்வரை பிரச்னை இல்லை. நடுவில் முறிந்தால், உள்துண்டு மட்டும்தான் கிளிப்பின் பிடியில் இருக்கும். வெளித்துண்டைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து அது அப்படியே வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும். கிளம்பும் இடத்தில் நடந்தால் கார் ஒரு பக்கம் உட்காரும். 150 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால்?

அதனால்தான், கால் மைலை 10.99 விநாடியிலோ அதைவிடக் குறைந்த நேரத்திலோ கடக்கும் கார்களுக்கு என்.எச்.ஆர்.ஏ ஒரு விதி வைத்திருக்கிறது. கம்பெனி ஷாஃப்ட் கூடாது. தரமான ரேஸ் ஷாஃப்ட் வேண்டும். முறிந்தாலும் சக்கரம் வெளியே வராதபடி பிடித்துவைக்கும் அமைப்பும் கட்டாயம்.

அந்த அமைப்பு எளிமையானதுதான். சி-கிளிப்பைத் தூக்கிவிட்டு, சக்கரத்துக்கு அருகில் பேரிங்கை ஷாஃப்ட்டின் மேலேயே அழுத்திப் பொருத்துவார்கள். அந்தப் பேரிங்கை ஒரு தகட்டால் ஹவுசிங்கின் முனையில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். இனி ஷாஃப்ட் உள்ளே முறிந்தாலும் சக்கரம் நகராது. இதற்கென்றே போல்ட் போடும் கிட் கிடைக்கிறது. ஆனால், சாலையில் வளைந்து வளைந்து ஓட்டும்போது அதில் எண்ணெய்க் கசிவு வரும் என்ற புகார் பழையது. முழு ரேஸ் காருக்கு, ஹவுசிங்கின் முனையை வெட்டிவிட்டு, உறுதியான புது முனையை வெல்டு செய்வதே மேல்.

பட்ஜெட்டில் கை வைக்கவே கூடாத இடம் என்று ஒன்று இருந்தால், அது இதுதான்.

இரண்டு சக்கரமும் ஒன்றாய்ச் சுற்ற...

மழையில் கார் ஒன்று சேற்றில் சிக்கினால், ஒரு பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். மற்றது சும்மா நிற்கும். டிஃபரன்ஷியலின் குணம் அது. வளைவில் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது தேவை. ஆனால், நேராக மட்டுமே ஓடும் டிராக் ரேஸில் அது எதிரி.

எனவே, ரேஸ் கார்களில் டிஃபரன்ஷியலையே எடுத்துவிட்டு, ‘ஸ்பூல்’ என்ற ஒற்றை இரும்புத் துண்டை வைத்துவிடுகிறார்கள். இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே தண்டுபோலச் சேர்ந்து சுற்றும். எடை குறைவு. உள்ளே உடைவதற்குச் சின்னச் சின்ன கியர்களும் இல்லை.

இதைச் சாலையில் ஓட்டும் காரில் மாட்டுவது விவகாரம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் தரையில் இழுபடும். டயர் தேயும், ஷாஃப்ட்டில் முறுக்கு ஏறும், ஈரச் சாலையில் கார் வழுக்கும். அதோடு, ஒரு பக்க ஷாஃப்ட் முறிந்தால், மொத்த பலமும் மறுபக்கச் சக்கரத்துக்குப் போய், கார் ஒரு பக்கமாக இழுக்கும். வார நாளில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்று ஒரே காரை வைத்திருப்பவர்களுக்கு, வழுக்கலை ஓரளவு கட்டுப்படுத்தும் ‘லிமிடெட் ஸ்லிப்’ டிஃபரன்ஷியல்தான் பொருத்தம்.

க்ரௌன், பினியன்: மென்மையே பலம்

கியர் விகிதத்தைப் பற்றிப் பேசாமல் ஆக்ஸிலைப் பற்றிப் பேச முடியாது. 3.73 என்றால், பினியனில் 11 பல், க்ரௌனில் 41 பல். 4.10 என்றால், பினியனில் 10 பல், க்ரௌனில் 41 பல். விகிதம் கூடக் கூட கார் சீக்கிரம் வேகம் பிடிக்கும். ஆனால், பினியன் சிறுத்துக்கொண்டே போகும். சின்ன பினியன் என்றால் பலம் குறைவு. ‘பெரிய நம்பரே சிறந்தது’ என்று நினைப்பவர்கள் தவறவிடும் கணக்கு இது. கோட்டைத் தொடும் நேரத்தில் இன்ஜின் அதன் உச்ச பலத்துக்குப் பக்கத்தில் இருக்கும்படி விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

இன்னொரு ஆச்சர்யம். ரேஸுக்கென்று செய்யும் க்ரௌன், பினியன் சாலை கியரைவிட மென்மையானது! சாலை கியரின் மேல்பரப்பு மிகக் கடினம். லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் தேயக் கூடாது. ஆனால், கடினமான பொருள் ஓங்கி அடித்தால் கண்ணாடிபோலச் சிதறும். ரேஸ் கியர் கொஞ்சம் மென்மையாக இருப்பதால் அடியை வாங்கிக்கொள்ளும். பதிலுக்குச் சீக்கிரம் தேயும். அதனால், ‘ரேஸ் தரம்’ என்ற பெயரைப் பார்த்து அதைத் தினசரி காரில் மாட்டினால் நஷ்டம்தான்.

1957-ல் பிறந்தது... இன்னும் ஓய்வில்லை!

8.8 ஆக்ஸிலைப் பலப்படுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ‘பேசாமல் வேறு ஆக்ஸிலே மாட்டிவிடலாம்’ என்ற நிலை வரும். அப்போது பெரும்பாலானவர்கள் தேடிப் போவது ஃபோர்டு ‘9 இன்ச்’ ஆக்ஸிலை. 1957-ல் அறிமுகமாகி, 1986 வரை ஃபோர்டின் கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் வந்தது. ஃபோர்டு நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், இதன் ஹவுசிங், கியர், ஷாஃப்ட் என அத்தனையையும் வேறு நிறுவனங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. ஷெவர்லே காருக்கு அடியிலும் ஃபோர்டு வடிவ ஆக்ஸில் இருப்பதை டிராக் ரேஸில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

இதற்கு என்ன அப்படி ஒரு மவுசு? காரணம் இரண்டு. முதலாவது, பினியனைப் பிடித்திருக்கும் விதம். பெரும்பாலான ஆக்ஸில்களில் பினியனின் ஒரு பக்கம் மட்டும்தான் பேரிங்கில் இருக்கும். 9 இன்ச் ஆக்ஸிலில் பினியனின் மறுமுனைக்கும் ஒரு தனி பேரிங் உண்டு. பளுவான பையை ஒரு கையால் நீட்டிப் பிடிப்பதற்கும், இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, க்ரௌன், பினியன் முழுவதையும் ஒரே பொட்டலமாக முன்பக்கமிருந்து கழற்றிவிடலாம். பல லாரிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. வேறு விகிதம் வேண்டுமா? தயாராக வைத்திருக்கும் இன்னொரு பொட்டலத்தைத் தூக்கி மாட்டினால் போதும்.

குறையும் உண்டு. இதில் பினியன் க்ரௌன் வீலின் மையத்திலிருந்து அதிகம் கீழே தள்ளி உட்காருகிறது. அதனால் பற்கள் ஒன்றோடொன்று உரசுவது அதிகம்; இன்ஜின் பலத்தில் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். நடுத்தர வேகக் கார்களுக்கு நன்கு பலப்படுத்திய 8.8 ஆக்ஸிலே போதும் என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று...

ஆக்ஸிலைப் பலப்படுத்தியாயிற்று. இனி நிம்மதியா? இல்லை. பலவீனம் மறைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

8.8 ஹவுசிங்கில் நடுப்பகுதி வார்ப்பிரும்பு. இரு பக்கக் குழாய்களும் அதற்குள் அழுத்திச் செருகப்பட்டவை. பலம் கூடும்போது குழாய் நடுப்பகுதிக்குள் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். அதைச் சுற்றிலும் வெல்டு செய்ய வேண்டும். வார்ப்பிரும்பையும் சாதாரண இரும்பையும் சேர்த்து வெல்டு செய்வது கைதேர்ந்தவர்கள் வேலை. சூட்டில் குழாய் வளைந்துவிட்டால் பேரிங்கும் ஷாஃப்ட்டும் சீக்கிரம் போகும்.

அடுத்து, ஆக்ஸிலைக் காரின் உடலோடு இணைக்கும் கைகள். ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்கில் அந்தக் கைகள் மாட்டியிருக்கும் தகட்டுப் பெட்டிக்கு ‘டார்க் பாக்ஸ்’ என்று பெயர். பலமான ஆக்ஸிலும் ஸ்லிக் டயரும் சேர்ந்தால், அந்தத் தகடு கிழிந்துவிடுவது இந்தக் கார்களின் பிரபலமான நோய். அதற்கு முட்டுத் தகடு வைக்க வேண்டும்.

பிறகு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு-ஜாயின்ட். ஓட்டத்தின் நடுவே முன்பக்க ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால், காரையே தூக்கிவிடும். அதனால்தான் அந்த ஷாஃப்ட் விழாமல் தாங்க, அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் மாட்டுகிறார்கள். எல்லாம் தாங்கினால், கடைசியில் கியர் பாக்ஸ்.

ஆக, ஆக்ஸில் மாற்றுவது ஒரு பாகத்தை மாற்றும் வேலை இல்லை. டயரில் தொடங்கி இன்ஜின் வரை போகும் ஒரு சங்கிலியை, ஒவ்வொரு கண்ணியாகப் பரிசோதிக்கும் வேலை.

ஆக்ஸிலுக்குப் பின்னால் உட்கார்ந்த காலம்

ஓட்டத்தின் நடுவே இந்தப் பாகங்கள் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டிராக் ரேஸ் வரலாற்றிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1960-களில் ஓடிய ஒல்லியான, நீளமான ‘டிராக்ஸ்டர்’ கார்களில், இன்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுபவர் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் உட்காருவார். க்ளட்ச், கியர் அமைப்பு, ஆக்ஸில் என உடையக்கூடிய அத்தனையும் அவர் கால்களுக்கு நடுவில்!

1970 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே இருந்த லயன்ஸ் மைதானத்தில் பிரபல வீரர் டான் கார்லிட்ஸ் காரைக் கிளப்பியபோது கியர் அமைப்பு வெடித்தது. அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. கார் இரண்டாக உடைந்தது. சிகிச்சைக் காலத்தில் அவர் யோசித்தது, இன்ஜினையும் மற்ற பாகங்களையும் ஓட்டுபவருக்குப் பின்னால் வைப்பது பற்றித்தான். 1971-ல் அந்தக் காரோடு களமிறங்கி, வெற்றியும் பெற்றார். சில ஆண்டுகளில் மற்றவர்களும் அந்த வடிவத்துக்கு மாறினார்கள். இன்றைய டாப் ஃப்யூயல் கார்கள் எல்லாமே அந்த வழியில் வந்தவைதான்.

காசை எங்கே முதலில் போடுவது?

டிராக் ரேஸ் பட்டறைகளில் சொல்லப்படும் வரிசையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

* ஸ்லிக் டயர் வாங்கும் முன்பே ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்குக் காசை ஒதுக்க வேண்டும். இன்ஜின் அதற்குப் பிறகுதான்.

* இன்றைய பலத்துக்கு ஏற்ப வாங்காமல், இரண்டு ஆண்டுகள் கழித்து எட்ட நினைக்கும் பலத்துக்கு ஏற்ப வாங்க வேண்டும். 31 ஸ்ப்ளைன் வாங்கி, அடுத்த வருடம் 35 வாங்குவது இரட்டைச் செலவு.

* பழைய இரும்புக் கடையில் வாங்கும் ஹவுசிங் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல், அதன் மேல் செலவு செய்யக் கூடாது.

* அகலமான டயருக்காக ஹவுசிங்கை வெட்டிக் குறுக்குவதென்றால், அதற்கான ஜிக் வைத்திருக்கும் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். கண்ணளவில் வெல்டு செய்யும் வேலை இல்லை இது.

* க்ரௌன், பினியன் இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டுக்கும் இடையிலான விளையாட்டு, அதாவது ‘பேக்லாஷ்’, மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். பல்லில் வண்ணம் பூசிச் சுற்றிப் பார்த்து, சரியான இடத்தில் பதிகிறதா என்று சோதிப்பார்கள். இதில் அவசரப்பட்டால் புது கியர் ஊளையிடும், பிறகு உடையும்.

* புது கியர் மாட்டியவுடன் பந்தயத்துக்குப் போகக் கூடாது. முதலில் மெதுவாக 20 நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பழக்க வேண்டும். பிறகு முதல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியச் சாலைகளில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. அவற்றில் இதுபோன்ற பின் ஆக்ஸிலே கிடையாது. ஆனால், ஜீப் வகை வண்டிகளில் உண்டு. அவற்றுக்குப் பெரிய டயர் மாட்டும் ஆசை நம் ஊரிலும் இருக்கிறது. டயரின் உயரமும் பிடிமானமும் கூடினால் ஆக்ஸிலுக்கு விழும் சுமையும் கூடும். மஸ்டாங்குக்குப் போட்ட அதே கணக்குதான். டயர் கடையில் அழகைப் பார்க்கும்போது, அடியில் இருக்கும் ஆக்ஸிலையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் முக்கியம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவது 189-வது பிரிவின்படி குற்றம். வேகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு முறையான மைதானம் இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ரேஸ் டிராக்கில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் நடத்தப்பட்டிருக்கின்றன. ஹெல்மெட்டையும் வண்டியையும் பரிசோதிக்க ஆள் இருக்கும்; ஆம்புலன்ஸ் காத்திருக்கும். கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் பந்தயம் விடுபவருக்கு இதில் ஒன்றுமே கிடையாது. எதிரே வரும் அப்பாவிக்கும்தான்.

இன்ஜின் எவ்வளவு குதிரைத்திறன் என்று கேட்பவர்கள் அதிகம். அது எதன் வழியாகத் தரைக்கு வருகிறது, அது தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. வேகமாகப் போக நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான். வீட்டில் யாராவது ‘வண்டியைக் கொஞ்சம் மாத்தப் போறேன்’ என்று கிளம்பினால், அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள்!